கூம்புக் கருவிழியும் அளவைக் கருவிகளும்: எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி (கார்னியா) மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய், இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் இன்றைய கருவிகள் நன்றாகவே பதில் சொல்கின்றன. 'போன தடவையைவிட முற்றியிருக்கிறதா?' என்று கேட்டால் தடுமாறுகின்றன. கூம்பு செங்குத்தாக ஆக ஆகத் தடுமாற்றமும் கூடுகிறது. ஆனால் சி3ஆர் எனப்படும் கிராஸ்லிங்கிங் (புறஊதாக் கதிரால் கருவிழியை இறுக்கும் சிகிச்சை) செய்வதா, இன்னும் ஆறு மாதம் பொறுப்பதா என்ற முடிவு இரண்டாவது கேள்வியின் பதிலைத்தான் நம்பியிருக்கிறது. 'கேமேக்ஸ் 1 டயாப்டர் ஏறியிருக்கிறது' என்று எழுதிய அறிக்கையோடு பலர் அலைகிறார்கள். கேமேக்ஸ் என்பது கருவிழியின் மிகச் செங்குத்தான புள்ளியின் எண், டயாப்டர் ஒளித்திறனின் அலகு. அந்த 1 டயாப்டர் கருவிழியில் ஏறியதா, கருவியில் ஏறியதா என்பதை வைத்தே இங்கே ஒவ்வொரு கருவியையும் எடைபோட்டிருக்கிறோம்.

எண் ஏன் ஆடுகிறது என்பதற்கு ஒரு காரணம் வெறும் கணக்கு. கருவி கருவிழியின் வளைவை மில்லிமீட்டரில் ஆரமாக அளக்கிறது, 337.5-ஐ அந்த ஆரத்தால் வகுத்து டயாப்டராக அச்சிடுகிறது. ஆரம் 7.5 மிமீ என்றால் 45 டயாப்டர். நோயில்லாத கண்கள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டி இருக்கும். அளவீடு 0.1 மிமீ பிசகினால் 45 என்பது 45.6 ஆகிறது. அதே 0.1 மிமீ பிசகு, ஆரம் 6.0 மிமீ உள்ள கண்ணில் 56.25-ஐ 57.2 ஆக்கிவிடும். 5.5 மிமீ கண்ணில் 61.4 என்பது 62.5 ஆகும். கருவி செய்த பிழை எல்லாக் கண்ணிலும் ஒன்றுதான். டயாப்டருக்கு மாற்றும்போது அது செங்குத்துக் கண்ணில் இரட்டிப்பாகத் தெரிகிறது. முற்றிய கெரட்டோகோனஸில் 1 டயாப்டர் வித்தியாசத்தைப் பார்த்துப் பதறும் முன் இரண்டு அறிக்கைகளிலும் ஆரத்தை மிமீ-யில் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அந்த எண்ணும் அதே தாளில்தான் இருக்கும்.

மற்ற காரணங்கள் கண்ணிலேயே உள்ளன. கருவிக்குள் தெரியும் விளக்கை உற்றுப் பார்க்கச் சொல்கிறோம். கெரட்டோகோனஸ் உள்ளவருக்கு அது ஒரு புள்ளியாகத் தெரியாது. வால் முளைத்த மங்கலாகவோ, மூன்று நான்கு நிழல்களாகவோ தெரியும். ஒவ்வொரு தடவையும் வேறொரு நிழலைப் பார்த்தால் கண் ஒவ்வொரு தடவையும் சற்றே வேறு பக்கம் திரும்பியிருக்கும். கூம்பின் உச்சி பெரும்பாலும் நடுவில் இருப்பதில்லை. கீழே, காதுப் பக்கமாகத் தள்ளியிருக்கும். உச்சியின் மேல் கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உடைந்துவிடும். ஒவ்வாமை அரிப்பால் கண்ணைக் கசக்கும் பழக்கம் வேறு இவர்களிடம் அதிகம்.

பழைய கையால் இயக்கும் கெரட்டோமீட்டரை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஏறத்தாழ 3 மிமீ வட்டத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அச்சுகளை மட்டும் பார்க்கும் கருவி இது. கூம்பு அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தால் அதற்குத் தெரியாது. பாஷ் அண்ட் லாம்ப் வகையின் அளவெல்லை 36 முதல் 52 டயாப்டர், முன்னால் +1.25 லென்ஸைப் பொருத்தினால் சுமார் 61 வரை போகும். லென்ஸைப் பொருத்திவிட்டு டிரம்மில் உள்ள எண்ணைத் திருத்தாமல் அப்படியே எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அங்கேயே 8, 9 டயாப்டர் காணாமல் போகும். ஆனாலும் இந்தக் கருவியைக் கழித்துக்கட்ட மாட்டோம். வளையங்கள் முட்டை வடிவில் நெளிவதும், கூட்டல் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த மறுப்பதும் கணினித் திரை இல்லாத சிற்றூர் கிளினிக்கிலும் நோயைக் காட்டிக்கொடுக்கும். கண்டுபிடிக்க இதை நம்பலாம், பின்தொடர்ந்து பார்க்க நம்பக்கூடாது. வளையம் நெளிந்திருக்கும்போது இருவர் அளந்தால் இரண்டு விதமான அச்சு வரும்.

கண்ணாடிக் கடைகளில் உள்ள ஆட்டோரிஃப்ராக்டரின் மதிப்பெண் இன்னும் குறைவு. லேசான நோயில் பரவாயில்லை. நடுத்தர நோயில் சிலிண்டர் -5, -6 என்று அச்சாகும். அடுத்த நொடியே மறுபடி எடுத்தால் அச்சு 20 டிகிரி நகர்ந்திருக்கும். முற்றிய நோயில் 'எரர்' என்று வரும். அதுதான் நேர்மையான பதில். கருவி கண்ணுக்குள் அனுப்பும் ஒளி ஒழுங்கற்ற பரப்பில் சிதறித் திரும்பி வருவதைக் கோளமும் சிலிண்டருமாகப் பிரிக்கப் பார்க்கிறது. அப்படிப் பிரிக்க முடியாத பகுதிதான் கெரட்டோகோனஸில் அதிகம். அந்தச் சீட்டை வைத்து நேராகக் கண்ணாடி போட்டால் நோயாளியால் அதை ஒரு வாரம்கூடப் போட முடியாது. ரெட்டினோஸ்கோப்பில் கத்தரிக்கோல் போல் திறந்து மூடும் நிழல் தெரிகிறதா என்று பார்ப்பதும், பின்ஹோலில் பார்வை எவ்வளவு ஏறுகிறது என்று குறிப்பதும், டிரையல் லென்ஸை கால் டயாப்டராக அல்லாமல் ஒரு டயாப்டர் படியில் மாற்றிக் கேட்பதும் அந்தச் சீட்டைவிட அதிகம் சொல்லும். இருபது வயதுக்குள் சிலிண்டர் வருடாவருடம் ஏறினால் அதற்குக் கடையில் மருந்தில்லை, கருவிழியின் வளைவை வரைபடமாக்கும் டோபோகிராபிக்கு அனுப்பவேண்டும்.

'இதற்கு மேல் நோய்' என்று ஒற்றை எண்ணில் கோடு கிழிப்பது எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. மகாராஷ்டிரக் கிராமங்களில் 30 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த மத்திய இந்திய கண் ஆய்வின் 2009ஆம் ஆண்டு முடிவில், கருவிழியின் ஒளித்திறன் 48 டயாப்டரோ அதற்கு மேலோ உள்ளவர்கள் 2.3 சதவீதம். கோட்டை 49-க்கு உயர்த்தினால் 0.6 சதவீதம், 50 என்றால் 0.1 சதவீதம். மக்கள் அதே மக்கள்தான், நகர்ந்தது கோடு மட்டும்.

பிளாசிடோ வளையங்களைக் கொண்ட டோபோகிராபர் அடுத்த படி. போர்த்துக்கலைச் சேர்ந்த அன்டோனியோ பிளாசிடோ 1880-இல் கையில் பிடித்துப் பார்த்த கறுப்பு வெள்ளை வளையத்தட்டுதான் இன்று கேமராவும் மென்பொருளும் சேர்ந்து நிற்கிறது. கருவி உண்மையில் பார்ப்பது கருவிழியை அல்ல, அதன் மேலுள்ள கண்ணீரில் விழும் பிம்பத்தை. அதனால் கண் காய்ந்திருந்தால் வளையங்கள் உடையும். மென்பொருள் உடைந்த இடத்தில் இல்லாத மேட்டை வரையும். இமைத்த சில நொடிகளுக்குள் படம் எடுக்கவேண்டும். படம் வந்ததும் வண்ண வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் வளையங்களின் அசல் புகைப்படத்தைத் திறந்து பார்க்கவேண்டும். அங்கே வளையம் அறுந்திருந்தால் வண்ணத்துக்கு மதிப்பில்லை. முன்பரப்பைப் பொறுத்தவரை லேசான, நடுத்தர நோயில் இந்தக் கருவிகள் நன்றாகவே ஒத்த எண்களைத் திரும்பத் தருகின்றன. குறை என்னவென்றால் பின்பரப்பும் தடிமனும் தெரியாது. ஆரம்ப நோயில் மேல்தோலான எபிதீலியம் கூம்பின் மேல் மெலிந்து, சுற்றிலும் தடித்து, முன்பரப்பின் மேட்டை மறைத்துவிடும். பின்பரப்பு அப்போதே புடைத்திருக்கும். பிளாசிடோ மட்டும் உள்ள இடத்தில் 'நார்மல்' என்று எழுதி அனுப்புவார்கள்.

வண்ணம் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஒரே கண்ணை 1.5 டயாப்டர் படியுள்ள அளவுகோலில் அச்சிட்டால் பச்சையும் மஞ்சளுமாகச் சாந்தமாக இருக்கும், 0.25 அல்லது 0.5 படியில் அச்சிட்டால் நடுவில் சிவப்பு எரியும். இரண்டு மருத்துவமனைத் தாள்களைப் பக்கத்தில் வைத்து 'சிவப்பு பெரிதாகிவிட்டது' என்று நோயாளியும், சில நேரம் மருத்துவரும் பயப்படுவது இதனால்தான். ஓரத்தில் உள்ள வண்ணப் பட்டையின் எண்களைப் படிக்காமல் நிறத்தை ஒப்பிடக்கூடாது. ஒன்று ஆக்சியல் வரைபடம், மற்றது டான்ஜென்ஷியல் (வளைவைக் கணக்கிடும் இரு வேறு முறைகள்) என்றாலும் ஒப்பிடக்கூடாது. இரண்டாவது கூம்பை எப்போதும் சிறிதாகவும் கூர்மையாகவும் காட்டும்.

இனி பென்டாகேம். ஜெர்மனியின் ஆகுலஸ் நிறுவனத்தின் இந்தக் கருவி பெரிய கண் மருத்துவமனைகளில் கெரட்டோகோனஸ் நோயாளிகள் பெரும்பாலும் சந்திக்கும் கருவி. இந்த மதிப்பீட்டில் அதிக இடம் இதற்குத்தான். ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளுக்கின் பெயரிலான ஒளியியல் விதிப்படி சாய்த்து வைக்கப்பட்ட கேமரா, நீல ஒளிப் பிளவோடு கண்ணைச் சுற்றி ஏறத்தாழ 2 நொடியில் சுழன்று குறுக்குவெட்டுப் படங்களை எடுக்கிறது. முன்பரப்பு, பின்பரப்பு, எல்லா இடத்திலும் தடிமன் என மூன்றும் கிடைக்கின்றன. நோயைக் கண்டுபிடிப்பதில் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கத் தயங்கமாட்டோம். பெலின்-அம்ப்ரோசியோ பக்கத்தில் வரும், கண் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லும் இறுதி 'டி' மதிப்பு 1.6-ஐத் தாண்டினால் மஞ்சள், 2.6-ஐத் தாண்டினால் சிவப்பு. லேசிக் செய்யக்கூடாத கண்களை வடிகட்ட இது நல்ல சல்லடை.

அந்த 2 நொடிதான் இதன் பலவீனமும். 2 நொடி கண் அசையாமல், இமை மூடாமல், விளக்கு தெரியாத கண்ணால் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். எடுத்தபின் திரையின் மூலையில் 'கியூஎஸ்' என்ற தரக்குறி வரும். 'ஓகே' என்று வெள்ளையில் இருந்தால் மட்டும் ஏற்கவேண்டும். மஞ்சளில் வந்தால் அதை அழுத்தினால் காரணம் விரியும்: மையம் தவறியது, தூரம் தவறியது, கண் அசைந்தது, இமை மறைத்தது, தரவில் ஓட்டை. வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும்போது மஞ்சளையும் ஏற்றுக்கொள்வதுதான் நடைமுறை. பின்னால் வரும் குழப்பத்தில் பெரும்பங்கு இங்கிருந்தே வருகிறது. முற்றிய கண்ணில் எத்தனை முறை எடுத்தாலும் 'ஓகே' வராமல் போவதும் உண்டு. அப்போது வந்ததிலேயே நல்லதை எடுத்துக்கொண்டு, தரக்குறி சரியில்லை என்பதை அறிக்கையில் எழுதிவைக்கவேண்டும். அடுத்த தடவை பார்ப்பவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

மேல் இமை தொங்கினால் விரலால் தூக்கிப் பிடிக்கலாம். ஆனால் விரல் எலும்பின் மேல் இருக்கவேண்டும், விழியை அழுத்தக்கூடாது. மெல்லிய கூம்பு விரல் அழுத்தத்துக்கே வடிவம் மாறும்.

கேமேக்ஸ் என்பது முன்பரப்பில் மிகச் செங்குத்தான ஒரே ஒரு புள்ளியின் மதிப்பு. ஆயிரக்கணக்கான புள்ளிகளில் உச்சமான ஒன்றை எடுத்தால் அது எப்போதும் இரைச்சலுக்கு ஆட்படும். ஒரு கண்ணீர்த் திட்டோ, ஒரு தழும்போ போதும். அதே நாளில், அதே கருவியில், அதே கண்ணில் அடுத்தடுத்து எடுத்தாலும் கேமேக்ஸ் 45-50 வரை உள்ள கண்ணில் எண்கள் நெருக்கமாக இருக்கும். 55-ஐத் தாண்டிய கண்ணில் விலகத் தொடங்கும். ஆனால் அமெரிக்காவில் கிராஸ்லிங்கிங்குக்கு 2016 ஏப்ரலில் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ-வின் ஒப்புதல் கிடைக்க அடிப்படையான ஆய்வுகளில், 24 மாதத்துக்குள் 1 டயாப்டர் ஏற்றம் என்பது நோய் முற்றுவதன் அடையாளங்களில் ஒன்றாக இருந்தது. அந்த எண் எல்லாக் கண்ணுக்கும் பொருந்தும் அளவுகோலாகக் கிளினிக்குகளுக்குள் வந்துவிட்டது. 47 டயாப்டர் கண்ணில் 1 டயாப்டர் ஏற்றம் கவனிக்கவேண்டிய செய்தி. 62 டயாப்டர் கண்ணில் அது செய்தியே அல்ல.

2015-இல் வெளியான உலகளாவிய நிபுணர் கருத்தொருமை இதைத் தெளிவாகவே வைத்தது: முன்பரப்பு செங்குத்தாவது, பின்பரப்பு செங்குத்தாவது, தடிமன் குறைவது அல்லது ஓரத்திலிருந்து மெல்லிய இடம்வரை மெலியும் வேகம் கூடுவது ஆகியவற்றில் குறைந்தது இரண்டு மாறியிருக்கவேண்டும், அந்த மாற்றம் கருவியின் வழக்கமான இரைச்சலைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். கேமேக்ஸ் ஒன்றை மட்டும் அது கேட்கவில்லை. பென்டாகேமிலேயே உள்ள ஏபிசிடி பக்கம் இதற்குத் தோதானது: மிக மெல்லிய இடத்தை மையமாக வைத்து 3 மிமீ வட்டத்தின் முன்பரப்பு ஆரம், பின்பரப்பு ஆரம், மிகக் குறைந்த தடிமன், கண்ணாடியோடு பார்வை என நான்கையும் காலவரிசையில் வரைந்து காட்டும். ஒரு புள்ளியைவிட ஒரு வட்டத்தின் சராசரி குறைவாகவே ஆடும்.

அந்த இரைச்சலை எப்படிக் கணக்கிடுவது? ஒரு உதாரணம். ஒரே அமர்வில் மூன்று ஸ்கேன்: 56.2, 57.1, 55.8. சராசரி 56.4, திட்டவிலக்கம் 0.67. அதை 2.77-ஆல் (இரண்டு அளவீடுகள் தமக்குள் எவ்வளவு விலகலாம் என்பதற்கான வழக்கமான பெருக்கெண்) பெருக்கினால் 1.8 டயாப்டர். அதாவது இன்று ஒரு ஸ்கேன், ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் என்று ஒப்பிட்டால், 1.8-க்குள் இருக்கும் எந்த வித்தியாசமும் கண்ணில் ஒன்றுமே மாறாமல் வந்திருக்கலாம். இரண்டு தடவையும் மும்மூன்று எடுத்துச் சராசரியை ஒப்பிட்டால் எல்லை 1.8-ஐ 3-இன் வர்க்கமூலத்தால் வகுத்த அளவுக்கு, சுமார் 1.1-க்கு இறங்கும். கூடுதலாக ஆகும் நேரம் கண்ணுக்கு இரண்டு நிமிடம். மூன்று எண்ணிலிருந்து வரும் திட்டவிலக்கம் முரட்டுக் கணக்குதான். ஒரு மருத்துவமனை தன் கருவியில் இருபது முப்பது கெரட்டோகோனஸ் கண்களை இப்படி அளந்து, லேசான நோய்க்கு ஒன்று, முற்றியதற்கு ஒன்று எனத் தன் சொந்த எல்லையை எழுதி ஒட்டிவைத்தால் அது எந்தக் கையேட்டையும்விட உதவும். ஸ்கேனுக்கு ஸ்கேன் நோயாளி முகத்தை எடுத்துவிட்டு மறுபடி வைக்கவேண்டும். தாடையை வைத்தபடியே மூன்றும் எடுத்தால் கருவியின் ஒழுக்கம் உண்மையைவிட நன்றாகத் தெரியும்.

சி3ஆர் செய்தபின் பென்டாகேமை இன்னொரு காரணத்துக்காகச் சந்தேகிக்கவேண்டும். முதல் சில மாதங்களில் கருவிழியில் படியும் மெல்லிய மங்கல் நீல ஒளியைச் சிதறடிக்கும். பின்பரப்பு எங்கே என்று மென்பொருள் தடுமாறும். தடிமன் உள்ளதைவிடக் குறைவாக அச்சாகும். 'சிகிச்சைக்குப் பின் இன்னும் மெலிந்துவிட்டதே' என்ற பயம் இதில் வந்தால், ஒளியால் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் இன்னொரு வகை ஸ்கேனான ஓசிடி-யில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பிளாசிடோவையும் ஷைம்ப்ஃப்ளுக் கேமராவையும் ஒன்றாக வைத்த இத்தாலிய சிரியஸ், இரட்டைக் கேமரா கொண்ட சுவிட்சர்லாந்தின் கலிலேய் இரண்டும் முன்பரப்பில் நல்லவை. கலிலேயின் இரட்டைக் கேமரா, மையம் சற்று விலகினாலும் தடிமன் கணக்கை ஈடுகட்டும். ஆனால் முற்றிய கூம்பில் வளையங்கள் உடைந்தால் இவற்றுக்கும் அதே கதிதான்.

ஓசிடி வகையில் இத்தாலிய நிறுவனமான சிஎஸ்ஓ-வின் எம்எஸ்-39, ஹைடல்பெர்க்கின் ஆன்டீரியன், ஜப்பானின் டோமி தயாரிக்கும் கேசியா2 ஆகியவை வருகின்றன. வேகம் அதிகம், அதனால் கண் அசைவின் பாதிப்பு குறைவு; தழும்பையும் மங்கலையும் ஊடுருவிப் பார்க்கும். எம்எஸ்-39 போன்றவை எபிதீலியத்தைத் தனியாக வரைந்து காட்டுகின்றன. கூம்பின் மேல் மெலிவு, சுற்றிலும் வளையமாகத் தடிப்பு என்ற அச்சு தெரிந்தால் சந்தேகக் கேஸில் அது தீர்ப்பையே மாற்றும். வசதி இருந்தால் முற்றிய நோயைத் தொடர்ந்து பார்க்க இவற்றையே தேர்ந்தெடுப்போம். ஒரே நிபந்தனை: பென்டாகேமில் தொடங்கிய கோப்பை நடுவில் ஓசிடி-க்கு மாற்றினால் பழைய எண்கள் செல்லாது. இரண்டு கருவிகளும் ஒரே கண்ணுக்குத் தடிமனில் 10, 20 மைக்ரான் வித்தியாசம் காட்டுவது சாதாரணம். மாறித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரே நாளில் இரண்டிலும் எடுத்து, புதிய தொடக்கப் புள்ளி ஒன்றை வைத்துக்கொள்ளவேண்டும்.

தடிமனில் அந்த 20 மைக்ரான் ஏன் முக்கியம் என்றால், வழக்கமான டிரெஸ்டன் முறை கிராஸ்லிங்கிங்குக்கு எபிதீலியத்தை நீக்கியபின் 400 மைக்ரான் இருக்கவேண்டும் என்பது விதி. புறஊதாக் கதிர் கருவிழியின் உள்ளடுக்கான எண்டோதீலியத்தைச் சுடாமலிருக்க. எபிதீலியம் 50 மைக்ரான் சொச்சம். ஸ்கேனில் 455 என்று வந்த கண் மேசையில் 395 ஆக இருக்கலாம். சிகிச்சை அறையில் தடிமன் அளக்கும் அல்ட்ராசவுண்ட் பேக்கிமீட்டரால் அளப்பது இதற்காகத்தான். அந்தப் பேனா முனையின் குறை, மிக மெல்லிய இடம் எது என்று அதற்குத் தெரியாது. கை வைத்த இடத்தைச் சொல்லும். ஸ்கேன் வரைபடத்தைப் பார்த்து, கீழ்க் காதுப் பக்கமாக நான்கைந்து இடத்தில் தொட்டு, மிகக் குறைந்ததை எடுக்கவேண்டும். மையத்தில் மட்டும் தொட்டு எழுதிய எண் இந்த நோயில் பயனற்றது.

நோயாளி தரப்பில் கெடுவது பெரும்பாலும் கான்டாக்ட் லென்ஸால். ஆர்ஜிபி எனப்படும் கடின வகை லென்ஸ் கூம்பை அழுத்தித் தட்டையாக்கியிருக்கும்; கழற்றிய உடனே எடுத்தால் நோய் குறைந்ததுபோல் தெரியும், அடுத்த தடவை நன்கு இடைவெளி விட்டு எடுத்தால் 'வேகமாக ஏறிவிட்டது' போல் தெரியும். சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், ஆர்ஜிபி என்றால் இரண்டு முதல் நான்கு வாரம் இடைவெளி என்பது பரவலான வழக்கம். லென்ஸ் இல்லாமல் வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு கண்ணை மட்டும் ஓய்வில் வைத்து அளந்து, பிறகு மற்றதை அளக்கலாம். அதுவும் முடியாதென்றால் ஒவ்வொரு தடவையும் ஒரே மணிநேர இடைவெளியை வைத்து, அதை அறிக்கையில் எழுதச் சொல்லவேண்டும். ஸ்கேனுக்கு முன் மரத்துப்போகும் சொட்டு, ஃப்ளோரெசின் சாயம், கோல்ட்மன் கண் அழுத்தச் சோதனை எதுவும் கூடாது; முதலில் ஸ்கேன், பிறகுதான் மற்றவை. தூங்கி எழுந்த கருவிழி சற்று வீங்கியிருக்கும், ஆகவே காலை எட்டு மணி ஸ்கேனை மாலை ஸ்கேனோடு தடிமனில் ஒப்பிடுவதும் சரியல்ல.

கண்புரை வயதில் இந்த நோயாளிகளுக்கு இன்னொரு கருவி வருகிறது: உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைத் தேர்வு செய்யக் கண்ணை அளக்கும் ஐஓஎல்மாஸ்டர், லென்ஸ்டார் போன்ற பயோமீட்டர்கள். விழியின் நீளத்தை இவை கெரட்டோகோனஸிலும் நம்பகமாகவே தருகின்றன. கருவிழி வளைவைச் சொல்லும் கே ரீடிங்கில்தான் வம்பு. நடுவில் சில மில்லிமீட்டருக்குள் குறைந்த புள்ளிகளை மட்டும் பார்க்கின்றன, 337.5 என்ற எண்ணோ, பின்பரப்பு முன்பரப்போடு வழக்கமான விகிதத்தில் இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. கெரட்டோகோனஸில் பின்பரப்பு அதைவிடச் செங்குத்து. அது ஒளித்திறனைக் கழிக்கும். ஆகவே கே மிகையாக வரும், உள்லென்ஸின் பவர் குறைவாகத் தேர்வாகும், அறுவைக்குப் பின் பிளஸ் பவர் மிஞ்சும். உள்லென்ஸ் பவரைக் கணக்கிடும் பழைய எஸ்ஆர்கே சூத்திரத்தில் கே 0.9-ஆல் பெருக்கிக் கழிக்கப்படுவதால், கே 3 டயாப்டர் மிகையானால் லென்ஸில் 2.7 டயாப்டர் போய்விடும். பாரெட் ட்ரூ-கே, கேன் ஆகிய சூத்திரங்களில் கெரட்டோகோனஸுக்கெனத் தனித் தேர்வு உண்டு. அதை அமுக்காமல் வழக்கமான பக்கத்தில் கணக்குப் போட்ட அச்சைப் பார்த்தால் கேள்வி கேட்கலாம். பயோமீட்டரின் கே-யும் டோபோகிராபியின் மையக் கே-யும் 1 டயாப்டருக்கு மேல் முரண்பட்டால், லென்ஸை விட்டு இடைவெளி கொடுத்து இரண்டையும் மறுபடி எடுக்காமல் அறுவைத் தேதி குறிக்கக்கூடாது.

கண் அழுத்தமானிகளைப் பொறுத்தவரை ஒரே வரி: மெல்லிய, நெகிழ்ந்த கருவிழியில் கோல்ட்மன் கருவி அழுத்தத்தைக் குறைத்தே சொல்லும். அதனால் சி3ஆர்-க்குப் பின் ஸ்டீராய்டு சொட்டு போடும் காலத்தில் 16 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியடையாமல், சிகிச்சைக்கு முன் அதே கருவியில் என்ன இருந்தது என்று பழைய தாளை எடுத்துப் பார்க்கவேண்டும்.